குருக்களின் கட்டாய மணத்துறவும் சிறார் மீதான பாலியல் குற்றங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிக் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகங்களில்) மறைக்கல்வி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடும்போது, முதலில் தயக்கத்தோடும் பிறகு கோபத்தோடும் எழுகின்ற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் குரு அல்ல. மறைக்கல்வி கற்றுக்கொடுக்கும் பொதுநிலையினன், திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடச் சிறுவர்களின் தகப்பன். என் கருத்தை மறைத்துக்கொண்டு எழுதவில்லை. எங்கே தரவு பேசுகிறது, எங்கே என் தீர்ப்பு பேசுகிறது என்பதை மட்டும் பிரித்துக் காட்ட முயன்றிருக்கிறேன்.

கட்டாய மணத்துறவு என்பது யாரைக் கட்டுப்படுத்துகிறது?

இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் திருமணம் செய்துகொள்ளாமல் வாழ வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 277-ஆம் பிரிவு கூறுகிறது. கோவை, சேலம், உதகமண்டலம் மறைமாவட்டங்களின் (ஒவ்வொன்றும் ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், ஆளுகைப் பகுதி) பங்குத்தந்தையர் இதற்கு உட்பட்டவர்கள். துறவற சபைகளில் சேருகிறவர்களின் நிலை வேறு. அவர்கள் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வாக்குறுதிகளையும் துறவு வாழ்வுக்கென்றே ஏற்கிறார்கள். ஒரு பங்கில் மக்களுக்குப் பணியாற்ற மட்டுமே விரும்பும் மறைமாவட்டக் குருவும் திருமணத்தைக் கைவிட்டே ஆக வேண்டும் என்பதில்தான் "கட்டாயம்" என்ற சொல்லுக்கு வேலை இருக்கிறது. விவாதமும் அவரைப் பற்றியதுதான்.

இது இயேசுவின் காலத்திலிருந்தே உள்ள விதியா?

இல்லை. நற்செய்தியில் பேதுருவின் மாமியார் காய்ச்சலாகக் கிடந்து குணமானதைப் படிக்கிறோம். முதல் நூற்றாண்டுகளில் மணமான குருக்கள் இருந்தார்கள். 1123, 1139 ஆண்டுகளில் நடந்த, ஆயர்களின் பொதுக் கூட்டங்களான இலாத்தரன் சங்கங்கள்தாம் குருக்களின் திருமணத்தைத் தடுத்து, செல்லாததாகவும் ஆக்கின; திரிதெந்தின் சங்கம் 1563-இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. கத்தோலிக்கத்துக்கு உள்ளேயே உக்ரைன், லெபனான் போன்ற நாடுகளின் கீழைத் திருச்சபைகளில் மணமானவர்கள் இன்றும் குருக்களாகத் திருநிலைப்படுத்தப்படுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால், கேரளத்தின் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயத் திருச்சபைகளில் மனைவி மக்களோடு வாழும் அச்சன்மார்களைப் பார்க்கலாம். ஆகவே இது மாற்றவே முடியாத விசுவாசக் கோட்பாடு அன்று. திருத்தந்தை நினைத்தால் மாற்றக்கூடிய ஒழுங்குமுறை. 2019-இல் அமேசான் பகுதிக்கான ஆயர் மன்றம், தொலைதூர ஊர்களுக்காக மணமான, தகுதியுள்ள ஆண்களைத் திருநிலைப்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் வெளியிட்ட மடலில் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

"திருமணம் செய்யவிடாமல் வைத்தால் இப்படித்தான் ஆகும்" என்று பலரும் சொல்கிறார்களே?

சொல்வதற்கு எளிதான இந்த வாக்கியம் இரண்டு பேரை ஒரே சமயத்தில் அவமதிக்கிறது. துணையில்லாமல் நேர்மையாக வாழ்கிற ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் அது குற்றவாளிகளாகப் பார்க்கிறது. குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை, தீராத ஆசைக்கு ஒரு வடிகாலாக அது சுருக்கிவிடுகிறது. வயது வந்த பெண்ணையோ ஆணையோ நாடுகிற ஏக்கம் மனிதனைக் குழந்தையிடம் கொண்டுபோய் விடுவதில்லை. மணத்துறவைக் காக்க முடியாத குருக்களில் பெரும்பாலோர் வயது வந்தவர்களோடு உறவு கொள்கிறார்கள், சிலர் பணியை விட்டு விலகித் திருமணம் செய்துகொள்கிறார்கள். நம் நாட்டின் கணக்கையே பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்: உறவினர், அண்டைவீட்டார், குடும்ப நண்பர். குடும்பஸ்தன் என்பது எந்தக் குழந்தைக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது.

ஆய்வுகள் என்ன கண்டிருக்கின்றன?

அமெரிக்க ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி நியூயார்க்கின் ஜான் ஜே குற்றவியல் கல்லூரி 2004-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள் மீது சிறாரிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகக் குற்றச்சாட்டு இருந்தது. அந்தக் காலத்தில் பணியாற்றியவர்களில் இது சுமார் 4 சதவீதம். குற்றஞ்சாட்டியவர்கள் 10,667 பேர். தரவைத் தந்தவை மறைமாவட்டங்களே என்பதால் இதைக் கீழ்வரம்பாகவே கொள்ள வேண்டும். அதே கல்லூரி 2011-இல் காரணங்களை ஆராய்ந்து, மணத்துறவு காரணமன்று என்று எழுதியது. மணத்துறவு பல நூற்றாண்டுகளாக மாறாமல் இருக்கிறது. குற்றங்களோ 1960-களில் ஏறி, 1980-களின் நடுவிலிருந்து இறங்கின. மாறாத ஒன்று மாறுகின்ற ஒன்றை விளக்காது என்பது அதன் வாதம். இந்த வாதத்தில் பாதியை மட்டுமே நான் ஏற்கிறேன். நிலம் மாறாமல் மழை மட்டும் மாறினாலும் விளைச்சல் கூடும், குறையும். அதனால் விளைச்சலுக்கும் நிலத்துக்கும் தொடர்பில்லை என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார்.

ஆஸ்திரேலிய அரச ஆணையம் ஐந்து ஆண்டுகள் விசாரித்து 2017 டிசம்பரில் இறுதி அறிக்கை தந்தது. 1950 முதல் 2010 வரை பணியாற்றிய கத்தோலிக்கக் குருக்களில் 7 சதவீதத்தினர் மீது குற்றச்சாட்டு இருந்ததாக அது கணக்கிட்டது. கட்டாய மணத்துறவு நேரடிக் காரணம் அன்று, ஆனால் வேறு ஆபத்துக் கூறுகளோடு சேரும்போது அது குற்றத்துக்குத் துணைபோகிறது என்று கூறி, மறைமாவட்டக் குருக்களுக்கு அதை விருப்பத்துக்கு விடுவதைப் பற்றி ஆராயும்படி வத்திக்கானைக் கேட்குமாறு அந்நாட்டு ஆயர்களுக்குப் பரிந்துரைத்தது. மணத்துறவை ஆதரிப்போர், எதிர்ப்போர் ஆகிய இரண்டு முகாம்களும் இந்த அறிக்கையைத் தமக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுகின்றன. "நேரடிக் காரணம் அன்று" என்பதோடு நிறுத்துகிறவர்களும், "துணைபோகிறது" என்பதிலிருந்து தொடங்குகிறவர்களும் அதைப் பாதியாகவே படித்திருக்கிறார்கள்.

ஜெர்மன் ஆய்வில் மணமான திருத்தொண்டர்களைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறதாமே?

இருக்கிறது. இந்த விவாதத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய கணக்கு அதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மன்ஹைம், ஹைடல்பெர்க், கீசன் நகரங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1946 முதல் 2014 வரையிலான 38,156 பணியாளர் கோப்புகளைப் பார்த்து 2018-இல் அறிக்கை தந்தார்கள். 1,670 பேர் மீது குற்றச்சாட்டு, பாதிக்கப்பட்டவர்கள் 3,677 பேர். மறைமாவட்டக் குருக்களில் 5.1 சதவீதம், துறவற சபைக் குருக்களில் 2.1 சதவீதம், குருவுக்கு அடுத்த நிலையில் பணியாற்றும், மணமானவர்களும் ஆகக்கூடிய நிரந்தரத் திருத்தொண்டர்களில் 1.0 சதவீதம்.

மணமானவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு என்றால் வழக்கு முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. நிரந்தரத் திருத்தொண்டர் பணி 1960-களின் இறுதியில்தான் மீண்டும் வந்தது. ஆகவே அவர்களுக்கு அந்த அறுபத்தெட்டு ஆண்டுகளில் முந்தைய பகுதியே கிடையாது. பலர் நடுவயதில், வேறு வேலையில் இருந்துகொண்டே அந்தப் பணிக்கு வருகிறார்கள். பங்கு நிர்வாகமும் பாவசங்கீர்த்தனமும் (பாவ அறிக்கை கேட்டு மன்னிப்பு வழங்குவது) அவர்கள் கையில் இல்லை. துறவற சபைக் குருக்களும் மணமாகாதவர்கள்தாம், ஆனாலும் அவர்களது விகிதம் மறைமாவட்டக் குருக்களுடையதில் பாதிக்கும் குறைவு. குழுவாக வாழ்வது பாதுகாப்பு என்று இதற்கு விளக்கம் சொல்லலாம்; சபைகள் தம் கோப்புகளைத் தனியே வைத்திருப்பதால் எண் குறைந்திருக்கலாம் என்றும் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் கணக்கு முதல் விளக்கத்தைக் கவிழ்க்கிறது. அங்கே குழுவாகவே வாழ்ந்த புனித இறை யோவான் சபைச் சகோதரர்களில் சுமார் 40 சதவீதத்தினர் மீது குற்றச்சாட்டு இருந்தது. அவர்கள் நடத்தியவை சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான இல்லங்களும் விடுதிகளும். புகார் சொல்ல முடியாத குழந்தைகள், பூட்டிய வளாகம், கேள்வி கேட்க ஆளில்லாத அதிகாரம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தன. நம் பகுதியிலும் மாணவர் விடுதிகளும் குழந்தைகள் இல்லங்களும் எல்லாச் சமயத்தாராலும் நடத்தப்படுகின்றன. என் கவலை முதலில் போய் நிற்பது அங்கேதான்.

மணமான போதகர்கள் உள்ள சபைகளின் நிலை என்ன?

கத்தோலிக்கர் இந்தக் கேள்வியைத் தற்காப்புக்காகக் கேட்டால் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உண்மை தெரிய வேண்டும் என்று கேட்டால் சொல்கிறேன். ஜெர்மனியின் சீர்திருத்தத் திருச்சபைகளைப் பற்றி 2024 ஜனவரியில் வெளிவந்த ஆய்வு 2,225 பாதிக்கப்பட்டோரையும் 1,259 குற்றஞ்சாட்டப்பட்டோரையும் கண்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் மணமானவர்கள். அமெரிக்காவின் தென்பகுதி பாப்டிஸ்ட் சபைகளில் இருபது ஆண்டுகளில் சுமார் 380 தலைவர்களும் ஊழியர்களும் எழுநூறுக்கும் மேற்பட்டோரிடம் அத்துமீறியதாக 2019-இல் ஹூஸ்டன் நாளிதழ் ஒன்று வெளிக்கொணர்ந்தது. அங்கே கட்டாய மணத்துறவும் இல்லை, ஆயர்களின் படிநிலையும் இல்லை. மறைப்பும், பாதிக்கப்பட்டவரையே பழிப்பதும் இருந்தன.

சமயத்துக்கு வெளியேயும் பார்க்கலாம். 2021 நவம்பரில் கோவையில் ஒரு தனியார் பள்ளியில் படித்த மாணவி உயிரை மாய்த்துக்கொண்டபோது ஆசிரியர் ஒருவர் கைதானார். தகவல் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று பள்ளி முதல்வரும் கைதானார்.

அப்படியானால் மணத்துறவுக்கும் இந்தக் குற்றங்களுக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா?

தொடர்பு உண்டு. குற்றவாளியை உருவாக்குவதில் அன்று, அவன் ஒளிந்துகொள்வதில். இதை மூன்று வழிகளில் பார்க்கிறேன்.

நம் மக்கள் துறவியை வணங்குகிறவர்கள். பேரூர், சிரவை ஆதீனங்களின் முன் கைகூப்பும் அதே மரியாதையைத்தான் கொங்கு நாட்டின் இந்துக் குடும்பங்களும் கருமத்தம்பட்டித் தேர்த் திருவிழாவுக்கு வரும்போது வெள்ளை அங்கி அணிந்த சாமியாருக்கும் கொடுக்கின்றன. எல்லாவற்றையும் துறந்தவர் என்ற அந்த மரியாதை சந்தேகத்துக்கு இடமே வைப்பதில்லை. பிள்ளை ஏதாவது சொன்னால் "சாமியைப் பத்தி அப்படிப் பேசாத, வாயக் கழுவு" என்று தாயே அதட்டுவாள்.

இரண்டாவது வழி உள்ளே இருக்கிறது. பெனடிக்டைன் துறவியாக இருந்து பின் உளநல மருத்துவப் பணியில் குருக்களோடு பல ஆண்டுகள் செலவிட்ட ரிச்சர்ட் சைப், எந்த ஒரு காலத்திலும் குருக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே மணத்துறவை முழுமையாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று மதிப்பிட்டார். அந்த எண்ணிக்கையை விவாதிக்கலாம். அதைவிட அவர் சுட்டிய இயக்கம் முக்கியமானது. தனக்கென்று ஒரு இரகசியம் உள்ளவர் அடுத்தவருடைய இரகசியத்தை வெளியே சொல்ல அஞ்சுவார். ஒருவருடைய மறைவான காதலும் இன்னொருவருடைய குற்றமும் ஒரே மௌனத்துக்குள் பாதுகாக்கப்படும். சட்டம் ஒன்று, வாழ்க்கை வேறு, அதைப் பற்றிப் பேசுவது கூடாது என்ற நிலையில் வயது வந்தவர்களின் விருப்ப உறவுக்கும் குழந்தைக்கு எதிரான வன்முறைக்கும் இடையிலுள்ள மலையளவு வேறுபாடு மேலிடத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

மூன்றாவது வழியைச் சட்டத்திலேயே காணலாம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், குரு ஒருவர் சிறாரிடம் செய்யும் பாலியல் குற்றத்தை, குருக்களின் சிறப்புக் கடமைகளை மீறும் குற்றங்கள் என்ற தலைப்பின் கீழ், 1395-ஆம் பிரிவில், ஒரு பெண்ணோடு முறையின்றி வாழும் குருவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. அதாவது முதல் பாதிப்பு குருவின் கற்புக்கு நேர்ந்தது, குழந்தை பிறகுதான். பாவமாகப் பார்த்ததால் பாவத்துக்கான மருந்தையே கொடுத்தார்கள்: தியானம், மன்னிப்பு, வேறு பங்குக்கு மாற்றம். 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் இதை 1398-ஆம் பிரிவுக்கு மாற்றி, மனித உயிர், மாண்பு, சுதந்திரம் ஆகியவற்றுக்கு எதிரான குற்றங்களோடு சேர்த்தது. இத்தனை பேர் அழுத பிறகு வந்த மாற்றம் அது. மணத்துறவு ஒழுங்கின் கண்ணாடி வழியே மட்டும் பார்த்ததால் எத்தனை ஆயர்களுக்குக் குழந்தை தெரியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பாதிக்கப்பட்டவர்களில் சிறுவர்கள் அதிகம் என்பதால் ஓரினச்சேர்க்கையாளர்கள்தாம் காரணமா?

இல்லை. ஜான் ஜே கல்லூரியின் 2011 அறிக்கை அப்படிப்பட்ட தொடர்பு எதையும் காணவில்லை. பீடத்திலும் குருமடத்திலும் விடுதியிலும் குருவின் அருகே தனியாக விடப்பட்டவர்கள் அக்காலத்தில் சிறுவர்களே.

நம் பங்குகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு கொங்குப் பங்கின் நடைமுறையை எண்ணிப் பாருங்கள். பங்குத்தந்தைதான் பெரும்பாலும் பங்குப் பள்ளியின் தாளாளர். ஆசிரியர் நியமனம், பிள்ளைக்கு இடம், திருமுழுக்குச் சான்று, திருமண ஓலை வாசிப்பு, கல்லறைத் தோட்டத்தில் குழி, எல்லாவற்றுக்கும் கையெழுத்து அவருடையது. பங்குப் பேரவை ஆலோசனை சொல்லலாம், ஆணையிட முடியாது. இரவு எட்டு மணிக்குச் சமையற்காரர் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போன பிறகு அந்தப் பெரிய இல்லத்தில் அவர் ஒருவர்தான் இருப்பார். மறுநாள் காலைத் திருப்பலிக்கு முன், பீடத்துக்குப் பின்னால் உள்ள திருவுடை அறையில், கதவைச் சாத்திக்கொண்டு சிறுவர்கள் அங்கி மாற்றுவார்கள். தனிமை குருவை வாட்டுகிறது என்பதற்காக நான் வருந்துகிறேன். ஆனால் குழந்தையை ஆபத்தில் தள்ளுவது கையெழுத்துகளின் குவியலும் அந்தச் சாத்திய கதவும்தான். மணமான ஒருவர் அந்த இல்லத்தில் குடியேறினாலும் இவை அப்படியே இருக்கும்.

பக்கத்து மலையின் நிகழ்வும் மறக்கக் கூடாதது. உதகமண்டலம் மறைமாவட்டக் குரு ஒருவர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பணியாற்றியபோது சிறுமியரிடம் அத்துமீறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். இந்தியாவில் கைதாகி, அங்கு அனுப்பப்பட்டு, 2015-இல் ஒரு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றுத் திரும்பினார். 2016-இல், வத்திக்கானைக் கலந்துகொண்ட பின், அவர் மீதிருந்த பணித்தடை நீக்கப்பட்டது. அந்த முடிவை எடுத்தவர்களிடம் நான் கேட்க விரும்புவது மணத்துறவைப் பற்றி அன்று. குற்றத்தை ஒப்புக்கொண்டவரை மீண்டும் மக்கள் நடுவே வைக்கலாம் என்று சொன்னவர்கள் யாரைக் கேட்டார்கள், எந்தப் பெற்றோருக்குச் சொன்னார்கள் என்பதைத்தான்.

நல்ல குருக்கள் மீது பொய்க் குற்றச்சாட்டு வந்தால்?

வரலாம், பழி சுமந்து, பிறகு நிரபராதி என்று தெளிந்தவர்களும் உண்டு. அவர்களைக் காப்பதும் முறையான விசாரணையே. மூடிய அறைப் பஞ்சாயத்து அவர்களையும் காப்பதில்லை. நாங்கள் நேசிக்கிற குருக்கள் பலர், கண்ணாடி பதித்த கதவையும் இரண்டு பெரியவர்கள் உடனிருக்கும் விதியையும் தாமாகவே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கட்டாயத்தை நீக்கினால் குற்றம் குறையுமா?

தானாகக் குறையாது. மனைவியும் பிள்ளைகளும் பங்கு இல்லத்தில் இருந்தால் இன்னும் சில கண்கள் கூடும். குருக்களின் இரட்டை வாழ்வு குறையும். ஆயர்களும் பெற்றோரைப் போல் யோசிக்கக் கற்கலாம். அதே சமயம், கணவர் மீது புகார் வந்தால் வீடும் வருமானமும் மானமும் ஒன்றாகப் போய்விடும் என்ற அச்சத்தில் வாய் மூடுகிற மனைவியும் அங்கே இருப்பார். மறைமாவட்டக் குருக்களுக்கு மணத்துறவை விருப்பத்துக்கு விட வேண்டும் என்பதே என் கருத்து. விரும்பி ஏற்றால் அது பெரும் கொடை, நிபந்தனையாக வைத்தால் பாரம் என்பதால் அப்படிச் சொல்கிறேன். குழந்தைகளின் பாதுகாப்பை அந்தக் கோரிக்கையோடு முடிச்சுப் போட எனக்குச் சம்மதமில்லை. ரோமில் சட்டம் மாற எத்தனை ஆண்டுகள் ஆனாலும், திருவுடை அறையின் கதவை மாற்ற ஒரு தச்சரும் ஒரு நாளும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? பாவசங்கீர்த்தனத்தில் தெரிந்தால்?

2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது என்று அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனப் பொறுப்பாளர் தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. சமய நிறுவனத்தின் பொறுப்பில் அல்லது பணியில் உள்ளவர் செய்தால் அது கடுமையாக்கப்பட்ட குற்றமாகும். கடுமையாக்கப்பட்ட பாலியல் வன்புணர்வுக்கு 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 20 ஆண்டுச் சிறை. குருக்களுக்கு இச்சட்டம் தனி விலக்கு எதையும் தரவில்லை. திருச்சபைச் சட்டமோ பாவசங்கீர்த்தன இரகசியத்தை எந்த நிலையிலும் உடைக்கக் கூடாது என்கிறது. இந்த மோதல் தீரவில்லை. ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தை சொல்வது அதன் பாவமே அன்று. கேட்கிற குரு, வெளியே வந்து தன்னிடமோ நம்பத்தக்க வேறொருவரிடமோ அதைச் சொல்லும்படி குழந்தையை அழைத்து, புகாருக்குத் துணை நிற்க முடியும், நிற்கவும் வேண்டும்.

புகார் கொடுத்தால் பெயர் வெளியே வந்துவிடும் என்று பயமாக இருக்கிறதே?

அந்தப் பயத்துக்கு இந்த ஊரில் காரணம் உண்டு. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியிட்டார். அதன் பிறகு எத்தனை பெண்கள் வாய் மூடினார்களோ. ஆனால் முன்வந்தவர்கள் உறுதியாக நின்றதால், 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. முதலில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். குழந்தையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. 24-ஆம் பிரிவின்படி குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி ஒருவர், சீருடை அணியாமல் வந்து வாக்குமூலம் பெற வேண்டும். இரவில் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. மறைமாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுப்பது இதற்குப் பிறகுதான்; பங்குத்தந்தையிடம் முதலில் சொல்லி அனுமதி கேட்க வேண்டிய தேவை எந்தப் பெற்றோருக்கும் இல்லை.